மேனேஜரின் சம்மதம்

பூட்டுக்காரரின் மனைவி வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் புருஷன் இல்லை என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். அவர் குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷன். காரணம் பூனை.

அந்தப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். சாம்பல் நிறம், தடித்த கழுத்து, யாரையும் சட்டை செய்யாத முகம். கடையில் சாவி ராவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பழைய துண்டு விரித்திருக்கும். அதில் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை எல்லாம் அரைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கும். சாவி செய்ய வந்த யாரோ ஒருவர், "இங்க மேனேஜர் இவர்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் வீடு. அங்கே பூட்டுக்காரரின் மனைவிக்குக் கொஞ்ச காலமாகவே மூச்சு இழுப்பு. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று நாற்காலியிலேயே தூங்கினாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, நெஞ்சு டாக்டர் அவள் கையில் ஊசியால் வரிசையாகக் குத்திப் பார்த்தார். பித்தளைத் தூளுக்குக் குத்திய இடம் சும்மா இருந்தது. தூசிக்குக் குத்திய இடமும் சும்மா இருந்தது. ஒரு இடம் மட்டும் பொத்தான் மாதிரி வீங்கி எழுந்தது.

"வீட்ல பூனை இருக்கா?"

"மேனேஜர் இருக்கு டாக்டர்."

"ஒண்ணு அது போகணும், இல்ல நீங்க போகணும்," என்றார் டாக்டர்.

அவள் போனாள். மழையில் சாக்கடை ஓரம் கிடந்த ஒரு பிடிக் குட்டியை எடுத்து வந்து, பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவள்தான். ஊரின் மறு கோடியில் இருந்த தங்கை வீட்டுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அது நல்ல இடமாப் போய்ச் சேர்ந்தாத்தான் நான் திரும்பி வருவேன். தெருவுல விட்டீங்கன்னு காதுல விழுந்துச்சு, தங்கச்சி வீட்லயே இருந்துக்குவேன்."

கல்யாணமான நாளிலிருந்து பூட்டுக்காரர் தனியாகச் சாப்பிட்டதில்லை. இப்போது எதிரே மேனேஜர் உட்கார்ந்திருக்க, தனியாகச் சாப்பிட்டார். சாயங்காலமானால் மனைவி போன் செய்வாள். முதல் கேள்வி, "மேனேஜர் சாப்பிட்டாச்சா?" இரண்டாவது, "இடம் கிடைச்சுதா?" அவர் சாப்பிட்டாரா என்பது மூன்றாவது. அதற்குள் கொழுந்தியா போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"அத்தான், அக்கா இங்க இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் சமையலுக்கு மேல ஒரு நீதிபதி வெச்ச மாதிரி இருக்கு. சீக்கிரம் பாருங்க."

அவரும் பார்த்தார். பக்கத்து ரொட்டிக்கடைக்காரி வாங்கிக்கொள்ளத் தயார்தான். ஆனால் நடுவில் இருந்தது ஒரு குட்டைச் சுவர். காலையில் கொடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேனேஜர் திரும்பி வந்துவிடும். அவள்தான் வழி சொன்னாள்.

"இதுக்குன்னே ஒரு மன்றம் இருக்குதுண்ணே. பெரிய படிச்சவங்க. முறையா செய்வாங்க."

பூட்டுக்காரருக்கு முறை என்றால் மரியாதை. முறையான சாவி இல்லாமல் எந்தப் பூட்டையும் திறக்கக் கூடாது என்று நினைக்கிற தொழில். மறுநாளே கடையைச் சாத்திவிட்டுப் போனார்.

துணையுயிர் மறுவாழ்வு மன்றம் என்று வாசலில் பளபளவென்று பலகை. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வரவும் என்று அதன் கீழே எழுதியிருந்தது. உள்ளே சுவர் நெடுக மெத்தை வைத்த தட்டுகள். தட்டுக்குத் தட்டு பூனைகள். மனிதர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளின் கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். எந்த மனிதரின் கண்ணும் எந்தப் பூனையின் கண்ணைவிட உயரத்தில் இருக்கக் கூடாதாம். பூட்டுக்காரர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். எதிரே மன்றத் தலைவி. பக்கத்தில் ஆய்வாளர் என்று ஒரு ஒல்லிப் பெண், மடியில் குறிப்பேடு.

"ஒரு பூனை குடுக்கணும்மா," என்றார் பூட்டுக்காரர்.

ஆய்வாளர் வலி பொறுக்கிறவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதலில் சில சொற்களைத் திருத்திக்கொள்வோம்," என்றார் தலைவி. மேடையில் பேசிப் பழகிய குரல். "பூனை என்பது மனிதர்கள் சூட்டிய பட்டம். இங்கே துணையுயிர் என்கிறோம். கொடுப்பது என்பது தட்டுமுட்டுச் சாமானுக்குச் சொல்வது. துணையுயிர் இடம்பெயர்கிறது. நீங்கள் அதன் சொந்தக்காரரும் அல்ல. இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் முன்னாள் உடனுறைவர்."

"சரிம்மா."

"இப்போது உங்களுக்குள் என்ன எழுகிறது?"

"முட்டி வலிம்மா. நாற்காலி தாழ்வா இருக்கு."

"குற்ற உணர்ச்சி," என்றார் தலைவி. ஆய்வாளர் எழுதிக்கொண்டாள்.

மனைவிக்கு மூச்சுத் திணறல் என்பதை அவர் எடுத்துச் சொன்னார். இருவரும் அக்கறையாகக் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அவங்களுக்கு வேற இடம் பாக்க முடியாதா?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

"யாருக்கு?"

"உங்க மனைவிக்கு."

"இப்ப தங்கச்சி வீட்லதான் இருக்கா."

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினாள். "அப்ப பிரச்சினை தீர்ந்துடுச்சே."

 தனக்கு மனைவி திரும்பி வரவேண்டும் என்று பூட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அது சுயநலம்தான், ஆனாலும் மனித இயல்பு, மன்றம் மன்னிக்கும் என்று தலைவி பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"ஒன்றை நினைவில் வையுங்கள்," என்றார் அவர். "இந்த மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு துணையுயிர்கூடத் தவறான வீட்டுக்குப் போனதில்லை."

"சரியான வீட்டுக்கு எத்தனை போச்சும்மா?"

தட்டுகளில் இருந்த பூனைகள் எல்லாம் அவரையே பார்த்தன. பலவும் கிழடுகள்.

"அவசரப்படுகிறீர்கள்," என்றார் தலைவி.

அந்த வாரமே ஆய்வாளர் வீடு பார்க்க வந்தாள். இரண்டு முழங்காலிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். வாசலிலேயே மண்டியிட்டு, கைகளை ஊன்றி, நாலு காலில் கடைக்குள் நுழைந்தாள். பூட்டு வாங்க வந்திருந்த ஒருவர் எதையோ தொலைத்துவிட்டாளாக்கும் என்று கூடச் சேர்ந்து தேட ஆரம்பித்தார்.

"அவங்க மேனேஜர் உயரத்துலருந்து வீட்டைப் பாக்கறாங்க," என்று பூட்டுக்காரர் விளக்கினார். வந்தவர் பூட்டு வாங்காமலே போய்விட்டார்.

கட்டிலுக்கு அடியில் போன ஆய்வாளர் ஒரு ஜோடிச் செருப்போடு வெளியே வந்தாள். "இது?"

"மனைவியோடது."

"அவங்க திரும்பி வந்துடுவாங்களோங்கற பயம் துணையுயிருக்கு இருக்கும். அப்புறப்படுத்திடுங்க."

மற்றபடி அவளுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. துண்டில் வெயில் விழும் கோணம், தண்ணீர்க் கிண்ணத்தின் சுத்தம், ஜன்னலோரம் உட்காரப் பலகை. இவ்வளவு நல்ல வீட்டை இதுவரை பார்த்ததே இல்லை என்றாள். பூட்டுக்காரருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அதுதான் சிக்கல்," என்றாள் அவள். "இவ்வளவு நல்ல வீட்லருந்து எதுக்கு எடுக்கணும்? நீங்க கொஞ்சம் கொடுமைப்படுத்தியிருந்தீங்கன்னா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருப்போம்."

"மன்னிச்சுக்குங்க," என்றார் அவர். வேறு என்ன சொல்வது.

கடைசியில் மன்றம் மனம் இறங்கியது. ஆனால் துணையுயிரின் சம்மதம் வேண்டும். கூண்டுப் பெட்டியைத் திறந்து தரையில் வைப்பார்கள். மேனேஜர் தானாக நடந்து உள்ளே போக வேண்டும். தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது. மீன் காட்டக் கூடாது, அது லஞ்சம். பூனை வளர்த்தவர்களுக்கு இது எப்படி முடியும் என்று தெரியும். வளர்க்காதவர்கள் என் வார்த்தையை நம்பிக்கொள்ளுங்கள். மேனேஜர் பெட்டியை ஒரு முறை பார்த்தது. அப்புறம் அந்தப் பெட்டி உலகத்திலேயே இல்லை என்பது போல நடந்துகொண்டது.

ஆய்வாளர் தினமும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிவெடுக்கும் நேரத்தில் சத்தம் கூடாது என்று சாவி ராவும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்றவர்கள் எல்லாம் கடைக்கு வந்து, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்த பூட்டுக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சொந்தக் கதவை உடைத்தார்கள்.

"என்னங்க, சம்மதிச்சுதா?" என்று மனைவி போனில் கேட்டாள்.

"யோசிக்குது."

"எனக்குக் கல்யாணம் பேசினப்பக்கூட எங்க வீட்ல என்னை இவ்வளவு கேக்கல," என்றாள் அவள். சிரிக்கப் பார்த்து இருமினாள். இருமல் நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று. அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறகு ஒரு நாள் ஆய்வாளர் தன் தோல்பையைத் திறந்தபடி தரையில் வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். மேனேஜர் துண்டிலிருந்து இறங்கியது. சோம்பல் முறித்தது. பைக்குள் தலையை விட்டு முகர்ந்தது. ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அவளுடைய குடை மேல் உட்கார்ந்துகொண்டது.

ஆய்வாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மன்றத்துக்குப் போன் செய்தாள். மறுமுனையில் நீண்ட விவாதம். பெட்டிக்குத்தான் சம்மதம் கேட்டோம், பைக்குக் கேட்கவில்லை என்பது ஒரு கட்சி. பைக்குக் கொடுத்த சம்மதத்தைப் பெட்டிக்கும் நீட்டிக்கலாமா என்பது இன்னொரு கட்சி. விசேஷ நேர்வாக ஏற்றுக்கொள்ளலாம் என்று தலைவி தீர்ப்புச் சொன்னார். ஆய்வாளர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பையிலிருந்து எடுத்துவைத்த அவளுடைய சீப்பு, கண்ணாடிக்கூடு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு பூட்டுக்காரர் பின்னால் போனார்.

அன்று மாலை அவரே மனைவிக்குப் போன் செய்தார். "போயிடுச்சு. நாளைக்கே வீட்டைக் கழுவிடறேன். வந்துடு."

அதுதான் நடக்கவில்லை. வீட்டைக் கழுவக் கூடாது என்றது மன்றம். புதிய உடனுறைவர் அமையும்வரை பழைய வீடு அப்படியே காத்திருக்க வேண்டும். துண்டை உதறக் கூடாது. ஒரு முடியைக்கூட எடுக்கக் கூடாது. "எடுத்தீங்கன்னா, திரும்பி வர்ற வழியை அடைச்சதா ஆயிடும்," என்றாள் ஆய்வாளர். "அப்படி அடைச்சவங்களுக்கு நாங்க துணையுயிரை உடனே திருப்பி அனுப்பிடுவோம்."

பூட்டுக்காரர் இதை இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து திருப்பினாலும் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் பார்த்த பூட்டுகளிலேயே இது கொஞ்சம் தினுசாக இருந்தது.

ஆகவே மேனேஜர் மன்றத்துத் தட்டில். அதன் முடி வீட்டில். மனைவி தங்கை வீட்டில். புருஷன் மட்டும் துண்டுக்குக் காவல்.

இடையில் ஒரு நல்லது நடக்கப் பார்த்தது. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், அலமாரிச் சாவியைத் தொலைத்துவிட்டுக் கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே சொந்த வீடு, தோட்டம், தனி ஆள். மேனேஜர் கதையைக் கேட்டதும், "அட, நான் வெச்சுக்கறேனே, அழகாப் பாத்துக்குவேன்," என்றார். பூட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. நேரே மன்றத்துக்குக் கூட்டிப்போனார்.

"இதற்கு முன் துணையுயிரோடு வாழ்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் தலைவி.

"ஓ, ஒண்ணு இருந்துச்சே. ரொம்ப வருஷம் இருந்துச்சு."

"இப்போது அது எங்கே?"

"வயசாயி செத்துப்போச்சும்மா. என் மடியிலதான் உயிர் போச்சு."

தலைவியும் ஆய்வாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆக, உங்கள் பராமரிப்பில் ஒரு மரணம் நிகழ்ந்திருக்கிறது," என்றார் தலைவி.

நர்ஸம்மா எத்தனையோ டாக்டர்களோடு வேலை பார்த்தவர். பதில் சொல்லாமல் எழுந்து, பூட்டுக்காரரின் தோளில் தட்டிவிட்டு, "உங்க பொண்டாட்டியை நான் வேணா கூட்டிட்டுப் போய் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது வெறும் கேலி இல்லை என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது.

அப்புறம் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். வேலைக்குப் போகிறவர் வேண்டாம், துணையுயிர் ஏங்கும். வீட்டிலேயே இருக்கிறவர் வேண்டாம், அதற்குத் தனிமை கிடைக்காது. வயதானவர் முந்திக்கொண்டு போய்விடுவார். இளையவருக்குக் கல்யாணமாகிவிடும். ஒரு அம்மாள் ரொம்ப ஆசையாகக் கேட்டார். ஆசை அளவுக்கு மீறி இருப்பதாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்தவர் அதைக் கேள்விப்பட்டு ஆசையே இல்லாத மாதிரி நின்றார். அக்கறை போதாது என்றார்கள்.

எல்லாத் தேர்விலும் தேறியது ஒரே ஒரு தம்பதி. கணவன் எது கேட்டாலும் மனைவியைப் பார்த்தார். மனைவி எது கேட்டாலும் புத்தகத்தில் படித்த மாதிரி பதில் சொன்னாள். அவர்களுக்காக மடி அமர்வு ஏற்பாடாயிற்று. அதுதான் மன்றத்தின் கடைசிச் சடங்கு. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். கூப்பிடக் கூடாது. துணையுயிர் யார் மடியில் தானாக ஏறி அமர்கிறதோ அவரே புதிய உடனுறைவர். 'மடியே முடிவு' என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தலைவி தாமே யோசித்த வாசகம்.

பூட்டுக்காரரும் போயிருந்தார். சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார்கள். அவர் முதுகைக் கண்டதும் மேனேஜர் ஒரு தரம் கத்தியது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் மனைவி வரமாட்டாள்.

தலைவி சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து உரை ஆற்றினார்.

"ஆணைகளாலும் ஆவணங்களாலும் ஆளப்படும் உலகில், ஒரு மடியை இன்னோர் உயிர் தேர்ந்தெடுக்கும் இந்தக் கணத்துக்கு மேல்முறையீடு இல்லை. அதிகாரம் இல்லை. விதிவிலக்கு இல்லை. நானே நினைத்தாலும் இதை மாற்ற முடியாது."

தம்பதி மடியைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டார்கள். மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணைச் சிமிட்டினார்கள். மேனேஜர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. சுவரைப் பார்த்திருந்த பூட்டுக்காரரை விட்டால், அந்த அறையில் அதை ஏறெடுத்தும் பார்க்காதவர் ஒருவர்தான். உரையின் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மேனேஜர் அவர் மடியில் ஏறியது. முன்னங்கால்களால் மாவு பிசைகிற மாதிரி நாலு பிசை பிசைந்தது. சுருண்டு படுத்து, மோட்டார் போட்ட மாதிரி உறும ஆரம்பித்தது.

உரை நின்றுவிட்டது.

"அம்மா," என்றாள் ஆய்வாளர். "மடியே முடிவு."

"என்ன உளறுற. எடு இதை."

"தூக்கக் கூடாதும்மா. நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"நான் வீட்ல இதெல்லாம் வெச்சுக்கறதில்ல. சோபா எல்லாம் வெள்ளைத் துணி."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பூட்டுக்காரருக்கு, தலைவியும் நம்மைப் போலத்தான் பேசுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் எழுந்திருக்கவில்லை. அது எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் சன்னலை விட்டுப் போயிற்று. தம்பதி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். தலைவியின் கை, என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மேனேஜரின் முதுகில் இறங்கியது. அங்கேயே இருந்தது.

முறை என்றால் முறை. ஆய்வாளர் முழங்காலில் பஞ்சு கட்டிக்கொண்டு தலைவியின் வீட்டுக்குப் போனாள். மன்றம் கூடியது. அறிக்கை வாசிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் தனியாக வசிக்கிறார். துணையுயிர்களின் நலனுக்காகப் பகலெல்லாம் வெளியே உழைப்பதால் துணையுயிரைக் கவனிக்க நேரமில்லாதவர். வீட்டில் விலங்குகளின் படங்கள் நிறைய. விலங்குகளோடு அனுபவம் இல்லை. தகுதியற்றவர்.

அறிக்கையை ஆதரித்துப் பேசும் பொறுப்பும் வழக்கம்போலத் தலைவிக்கே. அவர் எழுந்து, தன்னை ஏன் நம்பக் கூடாது என்பதை அழகான நடையில் விளக்கினார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. உட்காரும்போது தலைவி நாற்காலி இருந்த இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, விழப் பார்த்தார்.

தகுதியான வீடு எதுவும் இல்லை என்று ஆனபிறகு, இருப்பதில் சிறந்த வீடு எது என்று பார்த்தார்கள். அது பூட்டுக்காரர் வீடு. ஆய்வாளர் அதே தோல்பையில் மேனேஜரைக் கொண்டுவந்து அதே துண்டின் மேல் விட்டாள்.

"வாழ்த்துகள்," என்றாள். "எங்க தேர்வுல முதலிடம் உங்களுக்குத்தான்."

மேனேஜர் துண்டை முகர்ந்து பார்த்துப் படுத்துக்கொண்டது. பூட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவிக் கொடுத்தார். அதன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அதற்கு என்ன தெரியும். சாயங்காலம் போன் வந்தது. அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் மூச்சு மட்டும் கேட்டது, கதவு இடுக்கில் காற்று புகுகிற மாதிரி.

"சரி விடுங்க," என்றாள் கடைசியில். "இங்க ஒரு அலமாரி காலி பண்ணித் தரேன்னு சொல்றா தங்கச்சி. என் துணியெல்லாம் குடுத்தனுப்புங்க."

மறுநாள் அவர் மனைவியின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கடை சாத்தும் நேரம். வாசலில் யாரோ செருமினார்கள். தலையைச் சுற்றித் துணி கட்டி, முகத்துக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். குரலைக் கேட்டபிறகுதான் தலைவி என்று தெரிந்தது.

"பூனை இருக்கா?" என்றார் அவர்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதே பூட்டுக்காரருக்கு என்னவோ போல இருந்தது. "இருக்கும்மா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. துண்டைப் பார்த்தபடியே நின்றார். "எத்தனையோ வருஷமா மன்றத்துல இருக்கேன். எத்தனையோ பேசியிருக்கேன். ஒண்ணும் என் மடியில வந்து உக்காந்ததில்ல. நானா யாரையும் கூப்பிட்டதும் இல்லன்னு வெச்சுக்குங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் குடுத்துடறீங்களா?"

குடுப்பது தட்டுமுட்டுச் சாமானுக்குச் சொல்வது என்று பூட்டுக்காரர் நினைவூட்டவில்லை. அவ்வளவு கெட்டவர் இல்லை அவர். "நான் மட்டும் சொல்ல முடியாதும்மா. ஒரு ஆளைக் கேக்கணும்," என்று மனைவிக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, தலைவியின் கையில் கொடுத்தார்.

மறுமுனையில் இழுத்து இழுத்து ஒரு குரல். "காலங்காத்தால அது மூஞ்சில கை வெச்சுத் தட்டும். என்ன செய்வீங்க?"

தலைவி யோசித்தார். வாயில் ஒரு சொற்பொழிவு வந்தது போலிருந்தது; விழுங்கிக்கொண்டார். "எழுந்துப்பேன்," என்றார்.

"அப்ப கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான் விசாரணை. பூட்டுக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம். "சம்மதம் கேக்கணுமேம்மா? பெட்டி கொண்டாந்திருக்கீங்களா?"

"அதைக் கேட்டுட்டு உக்காந்தா நடக்கற காரியமா?" என்றார் தலைவி. கைப்பையிலிருந்து ஒரு தலையணை உறையை உருவினார். மேனேஜரின் பிடரியைப் பிடித்துத் தூக்கி, கால்மாடாக உள்ளே திணித்து, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். நாள் முழுக்க அதே வேலையாக இருக்கிறவர் மாதிரி அவ்வளவு நேர்த்தி. உறை கத்திக்கொண்டே தெருமுனை திரும்பியது.

பூட்டுக்காரர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு துண்டைக் கொளுத்தினார். சுவரைத் தேய்த்தார், மெத்தையைக் காய வைத்தார், தரையைக் கழுவினார், காய்ந்தபிறகு மறுபடியும் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தாள். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். உள்ளே வந்து இன்னொன்று. அன்று அவள் நாற்காலியில் தூங்கவில்லை. அவர்தான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தார்.

மன்றம் சும்மா இருக்குமா? தொடர்பார்வைக்கு வந்த ஆய்வாளர், கட்டிலில் மல்லாந்து படுத்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"துணையுயிர் எங்கே?"

"போயிடுச்சும்மா," என்றார் பூட்டுக்காரர்.

"சம்மதத்தோடயா?"

"அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

உடனே விசாரணைக் குழு அமைந்தது. குழுவுக்குத் தலைமை, மன்றத் தலைவி. தேடுதல் பணியில் அவர் காட்டிய தீவிரத்தை எல்லாரும் மெச்சினார்கள். ஊரில் ஒரு சந்து விடவில்லை. தம் வீடு இருக்கும் தெருவைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

தீர்ப்பை நேரில் அறிவிக்கக் குழு வந்தது. தலைவி, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார். மனைவிக்கு மூச்சு லேசாக இழுக்க ஆரம்பித்தது. அவள் தலைவியின் சட்டைக் கையை உற்றுப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு முடி.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா," என்றாள்.

தலைவி நாற்காலியை நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடியும் நகர்த்தினார். கடைசியில் நாற்காலியோடு வாசற்படிக்கு வெளியே தெருவுக்கே போய்விட்டார். குற்றவாளிகள் தலைவியின் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள் என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டாள். தெருவிலிருந்தபடியே தலைவி உரத்த குரலில் வாசித்தார். ரொட்டிக்கடைக்காரி கையில் மாவோடு வந்து நின்றாள்.

"துணையுயிரின் மறைவுக்குக் காரணமான முன்னாள் உடனுறைவரும் அவர் துணைவியாரும், தங்கள் வாழ்நாள் முழுவதும் எந்தத் துணையுயிருடனும் ஒரே கூரையின் கீழ் வசிக்கத் தடை விதிக்கப்படுகிறது. இந்தச் செயலைச் செய்தவர் யாராயினும் அவர் மனச்சாட்சி அவரைத் தூங்க விடாது." இங்கே தலைவிக்குக் கொட்டாவி வந்தது. அடக்கிக்கொண்டு முடித்தார்.

பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"இதை எழுத்துல குடுப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

ஆய்வாளருக்குப் புரியவில்லை. தடையை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

"இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது," என்றாள் மனைவி. "மழைக்காலம் வந்தா எதையாவது தூக்கிட்டு வந்து நிப்பார். நானும் வேணாம்னு சொல்லமாட்டேன், அதுதான் சங்கடம். நீங்க துணையுயிர்னு போட்டிருக்கீங்க, அது பூனைன்னு எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. நாலு கால் இருக்கற எதுவும்னு போட்டுக் குடுங்க."

"வாசகத்தை மாத்தணும்னா மன்றம் கூடணும்," என்றாள் ஆய்வாளர். "முதல்ல ஒரு துணைக் குழு—"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம், போட்டுக் குடும்மா," என்றார் தலைவி தெருவிலிருந்து, நாற்காலியை விட்டு எழுந்தபடியே. "நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."